உதிரிபாகம் வரும் என்ற வாக்கு

(நாகர்கோவிலில் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மடிக்கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் கட்டுமரத்திலிருந்து தொடங்குகிறேன். நம் கடற்கரை ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை கட்டுமரம் ஏறித்தான் பலரும் தொழிலுக்குப் போனார்கள். கனமில்லாத மரத்தடிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்த கலம் அது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, நீர் குடித்துக் கனத்துப்போன தடிகளைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். ஒரு தடி உளுத்தால் அந்த ஒரு தடியை மாற்றினால் போதும். கடற்கரையை விட்டுத் தக்கலைப் பக்கம் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறை பேணிவரும் மரமாளிகை அது. அதன் கூரையில் கழுக்கோலும் உத்திரமும் பொருத்துவாய் வெட்டி, ஆப்பு அடித்து இணைக்கப்பட்டவை. ஒரு கழுக்கோல் இற்றுப்போனால் அதை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருகலாம். பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டத்தக்க பொருளை இன்று ‘மாடுலர்’ என்று அழைக்கிறார்கள். பெயர்தான் புதிது; நாஞ்சில் நாடு எனப்படும் இந்தப் பகுதிக்குப் பொருள் புதிதல்ல.

ஆனால் கட்டுமரத்துக்கும் அரண்மனைக் கூரைக்கும் இருந்த ஒரு வசதி கணினிக்கு இல்லை. மாற்றுத் தடி தரக் காடு இருந்தது, செதுக்கத் தச்சர் இருந்தார், இரண்டும் நமக்கு எட்டும் தொலைவில் இருந்தன. எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் எவரும் காத்திருக்கவில்லை. மடிக்கணினியின் மதர்போர்டு அப்படிப்பட்டதன்று. அந்த உடற்கூட்டுக்குள் அடங்கும் அளவில், அந்தத் திருகுத் துளைகளுக்குப் பொருந்தும்படி அதை வடிவமைப்பது ஒரே ஒரு நிறுவனம். அடுத்த போர்டை அவர்கள் செய்தால் உண்டு. செய்யாவிட்டால், எத்தனை எளிதாகக் கழற்ற முடிந்தாலும் கழற்றிய இடத்தில் வைக்க ஒன்றும் இருக்காது. ஆகவே என் கட்சி இது: கழற்றி மாட்டக்கூடிய கணினியின் மதிப்பு அதன் திருகுகளில் இல்லை, அடுத்த உறுப்பு வரும் என்று அதைச் செய்தவர் கொடுக்கும் வாக்கில் இருக்கிறது. கடைக்குப் போய் ஒன்றே ஒன்று வாங்கும் மனிதரால் அந்த வாக்கைக் கேட்டு வாங்க முடியாது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசால் முடியும். தமிழக அரசு அப்படி வாங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில், இந்த வாக்கு காப்பாற்றப்பட்ட ஓரிடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் நிரவ் பட்டேல் என்பவர் தொடங்கிய ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021 ஜூலையில் தன் முதல் மடிக்கணினியை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அதன் அடிப்பக்கத்தில் ஐந்தே திருகுகள். முழுதும் தளர்த்தினாலும் அவை கழன்று மேசையில் உருண்டு தொலைவதில்லை, மூடியிலேயே நின்றுகொள்ளும். அதற்கான திருப்புளி பெட்டியோடு வருகிறது. திருகுகளைத் தளர்த்திவிட்டுக் கணினியை நிமிர்த்தித் திறந்து, கீபோர்டு இருக்கும் மேல்தட்டை விரலால் தூக்கினால், அது காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது தெரியும். ஒரு ரிப்பன் கேபிளை விடுவித்தால் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, விசிறி, வைஃபை கார்டு எல்லாம் கண்ணெதிரே. உறுப்புகளின் மேல் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறது. கைபேசியைக் காட்டினால் அந்த உறுப்பை மாற்றும் முறை வந்து நிற்கும். சார்ஜர் சொருகும் வாய்கூடத் தனிச் சிறு கட்டையாக இருக்கிறது. தேய்ந்தால் அந்தக் கட்டையை மட்டும் உருவி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். இதன் அருமை நம் ஊரில் லாப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். சார்ஜிங் பின் ஆடிப்போனால் மதர்போர்டையே வெளியே எடுத்துப் பற்றவைக்க வேண்டிய மாடல்கள் உண்டு. கீபோர்டில் நாலு எழுத்து வேலை செய்யவில்லை என்பதற்காக மேல்தட்டு முழுவதையும் மாற்ற வேண்டிய மாடல்களும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற, உப்புக் காற்று வீட்டுக்குள் வந்து போகிற மாவட்டம் இது. மின்தொடுவாய்கள் அரிக்கிற இடத்தில், அரித்ததை மட்டும் மாற்ற முடிவது ஆடம்பரமாகாது.

திறக்க முடிவது ஒரு பாதி. மறுபாதி, திறந்தபின் வைக்கப் புதியது வந்ததா என்பது. 2022-இல் இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறைச் சிப்புடன் மதர்போர்டு வந்தது. 2023-இல் பதின்மூன்றாம் தலைமுறையும், அதோடு ஏஎம்டி நிறுவனத்தின் சிப்பும் வந்தன. 2024-இல் இன்டெல் கோர் அல்ட்ராவும், கூடுதல் தெளிவுள்ள திரையும், மேம்பட்ட கேமராவும். 2025-இல் ஏஎம்டியின் ரைசன் ஏஐ 300 வரிசை. இவை அனைத்தும் 2021-இல் விற்ற அதே உடற்கூட்டில் உட்காருகின்றன. கழற்றிய பழைய போர்டைச் சிறு பெட்டியில் வைத்து மேசைக்கணினியாக ஓட்டலாம். அதற்கான அளவுப் படங்களை நிறுவனமே பொதுவில் வெளியிட்டிருக்கிறது. நான்கு ஆண்டுகள் ஒரு நிறுவனம் சொன்ன சொல் தவறாமல் நடந்தது என்பதற்கு இது சான்று. ஆனாலும் எல்லாம் வேகமாக நடந்துவிடவில்லை. அதே நிறுவனத்தின் பெரிய மாடலான லாப்டாப் 16, 2024 ஜனவரியில் கைக்கு வந்தது. கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றி மாற்றலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அடுத்த கிராஃபிக்ஸ் உறுப்பு அறிவிக்கப்பட்டதோ 2025 ஆகஸ்டில். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக, வாங்கியவர்கள் புதிய உறுப்பு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பைச் சுட்டிக்காட்டி, இதற்குப் பதில் புதிய மடிக்கணினியே வாங்கிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காத்திருந்த அந்த நாட்களில் கையிலிருந்த கணினி நின்றுவிடவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேச்சிப்பாறை அணையில் நீர் இருக்கிறது என்று தெரிந்தால், கால்வாயில் தண்ணீர் திறக்கும் நாளுக்காக விவசாயி நாற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அணை வறண்டு கிடக்கும்போது காத்திருந்தால் நாற்று கருகும். எப்போது வரும் என்று காத்திருப்பதும், வருமா வராதா என்று தெரியாமல் காத்திருப்பதும் வெவ்வேறு நிலைகள். இரண்டாவது வகைக்கும் சான்றுகள் உண்டு. கைபேசியைப் பகுதி பகுதியாக மாற்றும் ஆரா என்ற திட்டம் 2013-இல் அறிவிக்கப்பட்டு, கடைக்கே வராமல் 2016-இல் கூகுளால் கைவிடப்பட்டது. கணினியின் மூளை முழுவதையும் ஓர் அட்டை அளவில் அடக்கி, வேண்டும்போது உருவி மாற்றலாம் என்று இன்டெல் 2017 ஜனவரியில் கம்ப்யூட் கார்டை அறிவித்தது, 2019-இல் நிறுத்திக்கொண்டது. 2019-இல் வந்த ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற விளையாட்டு மடிக்கணினியில் சிப்பையும் கிராஃபிக்ஸையும் மேம்படுத்தலாம் என விளம்பரம் செய்திருந்தார்கள். அடுத்த தலைமுறை உறுப்புகள் அதில் பொருந்தவில்லை என்று வாங்கிய ஒருவர் 2021-இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். மூன்றிலும் பொறியியல் இருந்தது. வாங்குபவர் கையில் எழுத்தில் உள்ள உத்தரவாதம்தான் இல்லை. ஃப்ரேம்வொர்க் வாக்கைக் காப்பாற்றியது பாராட்டுக்குரியது. ஆனால் அதுவும் ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணம் மட்டுமே. நிறுவனம் கைமாறினாலோ நொடித்தாலோ அந்த நல்லெண்ணத்தை எந்த நீதிமன்றத்திலும் கேட்டு வாங்க முடியாது. அதோடு, 2025 முடிய அந்த நிறுவனம் நேரடியாக விற்கும் நாடுகளில் இந்தியா இல்லை. எனவே அந்தக் கணினியை வாங்குங்கள் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை.

அடுத்த தடை விலை. ஃப்ரேம்வொர்க்கின் 2025-ஆம் ஆண்டு மதர்போர்டு வெளிவந்தபோது 449 டாலரில் தொடங்கியது. நாமே பூட்டிக்கொள்ளும் வகைக் கணினி, ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல், அப்போது 899 டாலரில் தொடங்கியது. அதாவது மேம்படுத்தலுக்கு மட்டும் புதியதன் விலையில் ஏறக்குறையப் பாதி. 2021-இல் வாங்கியவர் அதில் டிடிஆர்4 ரேம் வைத்திருப்பார். புதிய போர்டு டிடிஆர்5 கேட்கும், ஆக ரேமும் மறுபடி வாங்க வேண்டும். இதைக் கூட்டிப் பார்த்தால் மேம்படுத்துவதில் பெரிய லாபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகள் குப்பைக்குப் போவது சிப் பழசானதால் அல்ல. பேட்டரி வீங்குகிறது, ஹிஞ்ச் முறிகிறது, கீபோர்டில் தேநீர் சிந்துகிறது, திரையில் கோடு விழுகிறது. இந்தச் சிறு பழுதுக்கு உறுப்பு கிடைத்தால் ஏழெட்டு ஆண்டு ஓடும். கிடைக்காவிட்டால் மூன்றாம் ஆண்டே ஓரங்கட்டப்படும். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் வெளியேற்றக் காரணமாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதை உற்பத்தி செய்யும்போதே வெளியாகிவிடுகிறது என்பதைத் தயாரிப்பாளர்களின் சொந்தக் கணக்குகளே சொல்கின்றன. ஆகவே ஆயுளை நீட்டிப்பதில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது, வாங்கியவருக்கும் மண்ணுக்கும்.

இன்னொரு வாதம் பொறியாளர்களிடமிருந்து வருகிறது. மெலிவும் வேகமும் வேண்டுமென்றால் ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஃப்ரேம்வொர்க்கே 2025-இல் அறிவித்த தன் மேசைக்கணினியில், தேர்ந்தெடுத்த சிப்பின் வேகத்துக்காக ரேமைப் பற்றவைத்துத்தான் விற்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தது. ஆனால் தொழில்நுட்பம் அங்கேயே நின்றுவிடவில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் வேகமான ரேமையும் திருகிப் பொருத்தும் எல்பிகேம்2 என்ற அமைப்பு பொதுத் தரமாகி, 2024-இல் லெனோவோவின் ஒரு திங்க்பேடில் விற்பனைக்கே வந்துவிட்டது. கேட்பவர்கள் இருந்தால் வழி பிறக்கிறது. அதோடு, பள்ளி கல்லூரி மாணவர் செய்யும் வேலைக்கு அந்த உச்சவேகம் தேவையில்லை. ரேமைக் கூட்டிக்கொள்ள ஓர் இடம் இருப்பதுதான் அவருக்குத் தேவை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வழியாகக் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கொடுத்தார்கள். உலகில் எந்த மாநில அரசும் எளிதில் செய்யாத காரியம் அது. வீட்டில் முதல் கணினியைத் தொட்ட தலைமுறை ஒன்று அதனால் உருவானது. அந்தத் திட்டத்தில் யாரும் திட்டமிடாத ஒரு நன்மையும் விளைந்தது. ஒரே மாடல் லட்சக்கணக்கில் மாநிலமெங்கும் போய்ச் சேர்ந்ததால், ஒன்றின் திரை போனால் இன்னொன்றின் திரை பொருந்தும். ஒன்றின் போர்டு செத்தால் அதன் கீபோர்டு வேறொன்றுக்கு உயிர் கொடுக்கும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கோட்டாற்றிலும் இருக்கிற மெக்கானிக்குகள், எந்தச் சர்வீஸ் கையேடும் சர்க்யூட் படமும் கையில் இல்லாமல், பழையதைப் பிரித்துப் புதியதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் செத்த கணினியின் உறுப்பை நம்பி ஓடும் ஏற்பாடு அந்த மாடல் தீரும்வரைதான். மென்பொருள் பக்கமிருந்தும் அடி விழுந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ள இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும் என்பதால், அந்தத் திட்டத்தின் தொடக்க ஆண்டுக் கணினிகளுக்கு அந்தக் கதவு அடைபட்டது. நல்லவேளையாக, தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பழைய பெட்டிகளை இன்றும் ஓடவைக்க லினக்ஸ் போதும். அதைக் கற்றுக்கொடுக்க ஆள்தான் வேண்டும்.

2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில் அடுத்த கட்டம் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்க, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய். இந்த அளவில் வாங்குகிறவர் சொல்லுக்கு உலகின் எந்தத் தயாரிப்பாளரும் செவிசாய்ப்பார். திரை எத்தனை அங்குலம், ரேம் எத்தனை ஜிபி என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதுகிறவர்கள், அதே தாளில் இன்னும் சில வரிகள் எழுத வேண்டும். பேட்டரி, சார்ஜர், கீபோர்டு, திரை, ஹிஞ்ச் இவற்றின் விலையை இன்றே அறிவித்து, ஏழு ஆண்டு அந்த விலை வரம்புக்குள் மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் யாருக்கும் விற்க வேண்டும். ரேமும் எஸ்எஸ்டியும் பற்றவைக்கப்படாமல் செருகும் வகையில் இருக்க வேண்டும். சர்வீஸ் கையேடு தமிழில் வெளிவர வேண்டும், தெருமுனைக் கடைக்காரருக்கும் கிடைக்க வேண்டும். இதனால் விலை ஏறுமே என்றால், ஏறலாம். ஒரு கணினி மூன்று ஆண்டுக்குப் பதில் ஏழு ஆண்டு ஓடினால் அந்த ஏற்றம் கணக்கில் நிற்காது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. பொருள்களுக்குப் பழுதுநீக்கத் தகுதிக் குறியீடு தர வேண்டும் என்ற பரிந்துரையும் 2025-இல் வந்தது. பிரான்ஸ் நாடு 2021 ஜனவரி முதலே மடிக்கணினி விற்கும்போது அப்படியொரு மதிப்பெண்ணைக் காட்டக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்ற முடிய வேண்டும். நம் நாட்டில் சட்டம் முழுதாக வரும்வரை மாநில அரசு கைகட்டி நிற்கத் தேவையில்லை. வாங்குகிறவரின் நிபந்தனைக்கு எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஐயுறுபவர்களுக்கு, நம் கடற்கரையையே மறுபடி காட்டுகிறேன். 1980-களில் இந்தக் கரையில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. முட்டத்தில் ஒட்டுப்பலகையைத் தைத்து ஒட்டிச் செய்யும் படகுகள் உருவாயின; மரம் கிடைப்பது அருகியபோது கட்டுமரத்துக்கு அதுவே மாற்றானது. கூடவே, ஜப்பானிலிருந்து வந்த வெளிப்பொருத்து எஞ்சின்கள் வள்ளங்களில் ஏறின. எஞ்சின் என்பது கட்டுமரத் தடி போன்றதல்ல. அதன் உதிரிபாகம் கடல் தாண்டி வர வேண்டும், இடையில் வியாபாரி வைத்ததே விலை. அப்போது மீனவர்கள் தனித்தனியே காத்திருக்கவில்லை. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, ஊர்ச் சங்கங்களை ஒன்று சேர்த்து, எஞ்சினையும் உதிரிபாகத்தையும் மொத்தமாகத் தருவித்தது. கடற்கரையோரம் பழுதுபார்க்கும் பட்டறைகளை நிறுவியது. படகு கட்டும் தளங்களையும் நடத்தியது. எஞ்சினை வடிவமைத்தவர் யமஹாவோ சுசுகியோ ஆகட்டும், அது கெட்டால் எத்தனை நாளில் மறுபடி கடலுக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் வலு கரையிலிருந்தவர்கள் கைக்கு வந்தது. மொத்தமாக வாங்கியதாலும், பழுதுபார்க்கும் கையை ஊரிலேயே வளர்த்ததாலும் அது நடந்தது. மடிக்கணினிக்கு நான் கேட்பதும் அதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை அங்கேயே நடத்தலாம். கற்பவர்களுக்கு அது பாடமாகும், கொண்டுவருபவர்களுக்கு உதவியாகும். அதற்கு முன்னால், இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளி வருவதற்குள், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் ஒரே ஒரு கேள்வி போதும்: நீங்கள் தரும் மடிக்கணினியின் பேட்டரி, இன்றிலிருந்து ஆறாவது ஆண்டில், நாகர்கோவிலில் எந்தக் கடையில், என்ன விலைக்குக் கிடைக்கும்? பதிலை எழுத்தில் கேளுங்கள்.